சிப்பில் இல்லை சங்கதி

2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது அதில் ஹெட்போன் துளை இல்லை. மற்ற நிறுவனங்கள் முதலில் கேலி செய்தன. சில ஆண்டுகளில் அவற்றில் பலவும் துளையை அடைத்துவிட்டன. அதுவரை போனுக்குள் ஓசைப்படாமல் நடந்துவந்த ஒரு வேலை இதனால் வெளியே வந்தது. பாட்டுக் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றை மின்னலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும். அதைத்தான் டிஏசி என்கிறோம். அந்த மின்னலைக்கு ஹெட்போனை அசைக்கும் தெம்பு தர ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும் வேண்டும். இரண்டையும் விரல் நீள வயருக்குள் அடைத்து, 2018இல் ஆப்பிள் ஒன்பது டாலருக்கு ஒரு யுஎஸ்பி-சி டாங்கிள் விற்றது. கருவி வைத்து அளந்தவர்கள் அசந்துபோனார்கள். பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு அதன் ஒலிச் சுத்தம் தோளோடு தோள் நின்றது.

அப்படியிருக்க, சால்டரிங் அயர்னைச் சூடேற்றி இதை வீட்டில் செய்ய வேண்டிய அவசியம் என்ன? மிச்சப்படுத்த என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பலகை, உதிரிகள், கூரியர், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் டாங்கிள் விலையை எளிதில் தாண்டும். சுத்தமான ஒலிக்காக என்றாலும் பாதிதான் உண்மை. தன்னிடம் இருக்கும் ஹெட்போனுக்கு ஏற்ற மின்னழுத்தம், கைக்கு அகப்படும் ஒலிக்குமிழ், நாளைக்கு வயர் அறுந்தால் மாற்றிக்கொள்ளும் வசதி, உள்ளே என்ன நடக்கிறது என்ற தெளிவு: செய்பவருக்குக் கிடைப்பவை இவை. போதாது என்பவர் டாங்கிளை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம்.

செய்வது என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த டிஏசி சிப் நல்லது என்பதைத்தான். பர்-பிரவுனா, ஈஎஸ்எஸ் சேபரா, ஏகேஎம்மா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். கேள்வி அப்பாவித்தனமானது, ஆனால் இடம் தவறு. இந்தக் கருவியின் தலைவிதி, சிப்பின் காலிலிருந்து ஹெட்போன் செருகிவரை உள்ள கடைசி இரண்டு அங்குலத்தில் எழுதப்படுகிறது. உருவம் சிறுக்கும்போது முதலில் அடிவாங்குவதும் அந்த இடம்தான். இதுவரை வீட்டில் செய்யப்பட்ட டிஏசி மாற்றிகளின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

யுஎஸ்பி வழியே ஒலி அனுப்புவதற்கான முதல் பொதுவிதி 1998இல் வந்தது. அதைப் பின்பற்றும் கருவிக்குத் தனி டிரைவர் வேண்டாம். செருகினால் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். பர்-பிரவுன் நிறுவனத்தின் பிசிஎம்2702 சிப்பும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2000இல் அந்த நிறுவனத்தை வாங்கிய பின் வந்த பிசிஎம்2704 சிப்பும் கைவேலைக்காரர்களுக்கு வரப்பிரசாதமாக அமைந்தன. இருபத்தெட்டுக் கால்கள், ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கைப்பிடியளவு கெப்பாசிட்டர்கள், அவ்வளவுதான் பிசிஎம்2704. யுஎஸ்பியைப் படிப்பது, எண்ணை ஒலியாக்குவது, ஹெட்போனை ஓட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்வரைதான் போகும். 32 ஓம் ஹெட்போனுக்கு 12 மில்லிவாட் தரும். தீப்பெட்டி அளவில் இதை வைத்துச் செய்யப்பட்ட கருவிகளுக்குக் கணக்கே இல்லை.

இதற்குச் சற்று முன்பே, அமெரிக்காவில் சூ மோய் என்பவர் ஒரு பாக்கெட் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தார். ஓர் ஆப்-ஆம்ப் (பெருக்கி சிப்), 9 வோல்ட் பேட்டரி, ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பா. அந்தத் தகர டப்பா இந்தப் பொழுதுபோக்கின் சின்னமாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் ஆல்டாய்ட்ஸ் அரிது. பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் அதே வேலையைச் செய்யும். உட்புறப் பெயின்டை ஓரிடத்தில் சுரண்டி, பலகையின் கிரவுண்டைத் தகரத்தோடு இணைத்தால் போதும். பக்கத்தில் வைத்த போன் 2ஜி அலையில் எழுப்பும் டட்-டட்-டட் இரைச்சலையும் அந்த டப்பாவே பெருமளவு தடுத்துவிடும்.

அடுத்த திருப்பம் 2011இல். நியூ-ஆவ்-கை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர், எல்லாவற்றையும் அளந்து வடிவமைத்த ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். வடிவத்தை மட்டும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. உள்ளே இருந்தவை ஆடம்பரப் பொருள்கள் அல்ல: என்ஜேஎம்2068, என்ஜேஎம்4556ஏ என்ற மலிவு ஆப்-ஆம்ப்கள். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர்களை அது அளவீட்டில் ஓரங்கட்டியது. மறு ஆண்டு ஓடிஏசி என்ற துணைப் பலகை வந்தது. டெனார் டிஇ7022 யுஎஸ்பி சிப்பும் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் ஈஎஸ்9023 சிப்பும் அதில் இருந்தன. அதற்குப் பின் அந்த மனிதர் பேச்சு மூச்சின்றி மறைந்தார். 2014இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் அவர் மறைந்த மர்மத்தைப் பற்றி ஒரு கட்டுரையே போட்டது. மர்மத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓ2வை உதிரிகளாகக் கொடுத்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றவர், ஓடிஏசியை மட்டும் சேர்த்து முடித்த பலகையாகவே விற்கச் செய்தார். நுண்ணிய சிப்புகளும் யுஎஸ்பியின் சிக்கல்களும் வீட்டு மேசையில் ஒரே தரத்தில் கைகூடா என்பது அவர் கணிப்பு. அந்தக் காலத்துக்கு அது சரிதான். இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யுஎஸ்பியில் என்ன சிக்கல்? கணினி ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு பொட்டலமாக ஒலியை அனுப்புகிறது. குறுந்தகட்டின் வேகம் நொடிக்கு 44,100 மாதிரி, மில்லிசெகண்டுக்கு 44.1. மாதிரியைப் பின்னமாக வெட்ட முடியாதே! ஆகவே ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45 என்று போகிறது. வழியில் ஒன்று கெட்டால் திரும்பக் கேட்க நேரமில்லை. அது போனது போனதுதான். இந்தச் சீரற்ற வரத்திலிருந்து சீரான தாளத்தை உண்டாக்குவது டிஏசியின் பொறுப்பு. பிசிஎம்2704 போன்றவை கணினியின் தாளத்தைக் கவனித்துத் தங்களை அதற்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும். அசின்க்ரனஸ் வகையில் அதிகாரம் தலைகீழாகிறது: மாற்றியில் உள்ள கிரிஸ்டலே தாளக்காரர், கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறை என்று அது கணினிக்குச் சொல்லும். இதற்கு 44.1 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல்கள் வைப்பது வழக்கம்.

தாளத்தின் சிறு தடுமாற்றத்தை ஜிட்டர் என்கிறார்கள். விளம்பரங்களில் இந்தச் சொல் பூச்சாண்டியாகவே உலவுகிறது. 1998இல் டால்பி ஆய்வகத்தின் எரிக் பெஞ்சமினும் பெஞ்சமின் கேனனும் நடத்திய கேட்புச் சோதனைகளில், இசையில் ஏறத்தாழ 20 நானோசெகண்டுக்குக் குறைந்த தடுமாற்றத்தை யாரும் காதால் பிடிக்கவில்லை. ஒழுங்காகக் கட்டிய மலிவு மாற்றிகூட இந்த எல்லைக்கு வெகுவாகக் கீழேதான் நிற்கிறது. பிட் கணக்கும் அப்படியே. 16 பிட்டுக்கே கோட்பாட்டளவில் 98 டெசிபெல் ஏற்ற இறக்கம் உண்டு; நள்ளிரவில் அமைதியான அறையிலும் 30 டெசிபெல் இரைச்சல் இருக்கும். 2007இல் மேயரும் மோரனும் உயர்தர ஒலிப்பாதையின் நடுவே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டலைப் புகுத்திப் பார்த்தார்கள். வழக்கமான ஒலியளவில், அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கேட்டவர்களால் சொல்ல முடியவில்லை. பழைய விதியிலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மில்லிசெகண்டுக்கு 576 பைட் என்று அடங்கிவிடும். பொட்டலத்தின் உச்சவரம்பு 1,023 பைட். 192 கிலோஹெர்ட்ஸுக்குத்தான் 2006இன் இரண்டாம் விதி வேண்டும். விண்டோஸ் அதைத் தனி டிரைவரின்றி ஏற்றுக்கொள்ள 2017 ஆனது. கேட்பதற்காகச் செய்பவர் இந்தப் பந்தயத்தில் ஓடத் தேவையில்லை.

சிப் பெயரை நம்பிக் கட்டுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. அந்த சிப்புகளை மையமாக வைத்த கருவிகள் ஒரே இரவில் அநாதையாயின; தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மறுபடி வரைய வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் பெரிதாக வித்தியாசம் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி அந்தக் கடைசி இரண்டு அங்குலம். பிசிஎம்2704 ஒற்றை மின்வழங்கலில் ஓடுவதால் அதன் வெளியீடு சுழியில் நிற்காது. நடுவில் ஒரு நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். அது ஹெட்போனுக்குள் போகாமல் தடுக்க வழியில் ஒரு கெப்பாசிட்டர் வைக்கிறோம். அதுவும் ஹெட்போனும் சேர்ந்தால் தாழ்சுருதியை வடிகட்டும் சல்லடை ஆகிவிடும். 220 மைக்ரோஃபாரடும் 32 ஓமும் என்றால் 23 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டு, பரவாயில்லை. இடம் போதவில்லை என்று 100 மைக்ரோஃபாரட் வைத்து, 16 ஓம் இயர்போனைச் செருகினால் 100 ஹெர்ட்ஸிலேயே ஒலி மூன்று டெசிபெல் இறங்கிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களை பேஸுக்காகவே கேட்பவர் இதை மன்னிக்க மாட்டார். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கியும் சோகை பிடித்துப்போகும். இங்கே எந்த சிப்பையும் குறை சொல்ல முடியாது. கட்டைவிரல் நகமளவு இடத்தை மிச்சம் பிடித்ததன் விலை அது.

அடுத்தது வெளியீட்டு மின்தடை. மாற்றியின் வெளியீட்டில் 10 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். காதுக்குள் செருகும் பல-டிரைவர் இயர்போன்களின் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 என்றால், அந்த இரு இடங்களுக்கும் இடையே ஒலியளவில் ஐந்து டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். இது எந்தக் காதுக்கும் கேட்கும். அதே இயர்போனை அரை ஓம் வெளியீட்டில் போட்டால் வித்தியாசம் அரை டெசிபெலுக்கும் குறைவு. ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியீட்டில் இருக்கக் கூடாது என்ற நடைமுறை விதி இதிலிருந்து பிறந்தது. "இந்த டிஏசி கதகதப்பாக ஒலிக்கிறது" என்று சிப்பைப் புகழ்வோரில் பலர், தங்களை அறியாமல் இந்த மின்தடையைத்தான் புகழ்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 2 வோல்ட் என்பது 32 ஓமில் 125 மில்லிவாட், காது தாங்காது. சென்ஹைசர் எச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு அதே 2 வோல்ட்டில் 13 மில்லிவாட்தான் போகும். ஆனால் அது ஒரு வோல்ட்டுக்கே 103 டெசிபெல் தருவதால், 2 வோல்ட்டில் 109 டெசிபெல் எட்டும். அதற்கு மேல் பெருக்குவது நுண்ணுணர்வுள்ள இயர்போனில் இரைச்சலைக் கூட்டுவதற்கே உதவும்.

இன்று இதைச் செய்யப் புகுபவருக்கு நான் சொல்லும் பாதை ஒன்றுதான். 2021இல் நான்கு டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் பைக்கோ என்ற சிறு கணிப்பலகையை யுஎஸ்பி ஒலியட்டையாக மாற்றும் நிரலை அந்த நிறுவனமே மாதிரியாகத் தருகிறது. அதோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிசிஎம்5102ஏ பலகையை இணைத்தால் மாற்றி தயார். பைக்கோவுக்குள் ஒலிக்கென்று தனிக் கடிகாரம் இல்லை. இருக்கிற துடிப்பைப் பின்னமாக வகுத்துத் தாளம் போடும். 125 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதன் ஒரு துடிப்பு 8 நானோசெகண்ட். ஏட்டளவில் அழகில்லை, முன் சொன்ன 20 நானோசெகண்டோடு ஒப்பிட்டால் பயமுமில்லை. பிசிஎம்5102ஏ தன் உள்கடிகாரத்தால் அதை ஓரளவு சமப்படுத்தவும் செய்யும்.

அந்தப் பலகையில் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். எஸ்சிகே என்ற முனையை கிரவுண்டோடு இணைக்காவிட்டால் உள்கடிகாரம் ஒழுங்காகத் தொடங்காது. ஒலி வராது, வந்தால் கரகரக்கும். எக்ஸ்எஸ்எம்டி முனை உயர்நிலையில் இல்லையென்றால் சிப் வாயைத் திறக்காது. மூன்றாவது, பலகையின் ஓரத்தில் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கும் ஹெட்போன் துளை. அதில் ஹெட்போனைச் செருகவே கூடாது. பிசிஎம்5102ஏ 2.1 வோல்ட் தரும், ஆனால் அதன் சுமை ஆயிரம் ஓமுக்குக் குறையக் கூடாது; வழியில் 470 ஓம் மின்தடை வேறு நிற்கிறது. 32 ஓம் ஹெட்போனைப் போட்டால் மிஞ்சுவது வோல்ட்டில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. முனகலாக ஒன்று கேட்கும். அதைக் கேட்டுவிட்டு சிப்பே மட்டம் என்று தீர்ப்பெழுதியவர்கள் உண்டு.

ஆகவே நடுவில் ஒரு பஃபர் தேவை. ஓபிஏ1622 என்ற ஆப்-ஆம்ப் இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. 2 வோல்ட், 32 ஓமுக்கு உச்சத்தில் 88 மில்லிஆம்பியர் போதும், அது 130க்கும் மேல் தரும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து நேர், எதிர் இரண்டு மின்னழுத்தங்களையும் எல்எம்27762 சிப் ஒன்றே உண்டாக்கித் தரும். வெளியீடு சுழியில் நிற்பதால், முன் சொன்ன தடிமனான கெப்பாசிட்டர்களுக்கு வேலையே இல்லை. சிறியதாகவும் இருக்க வேண்டும், பேஸும் குறையக் கூடாது என்ற இழுபறி இந்த இடத்தில்தான் தீர்கிறது. இரண்டு சிப்புக்கும் வெளியே நீட்டிய கால்கள் கிடையாது; சாதாரண அயர்னால் பற்றவைப்பது பாடு. 0.65 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பிசிஎம்2704ஐயாவது தாராளமாக ஃபிளக்ஸ் தடவி, ஈயக் கலப்புக் கம்பியால் இழுத்துப் பற்றவைத்து, மிச்சத்தை விக்கில் உறிஞ்சிவிடலாம். இவற்றுக்கு ஹாட் ஏர் வேண்டும், அல்லது பலகை அச்சிடும் இடத்திலேயே சிப்பைப் பொருத்தித் தரச் சொல்ல வேண்டும். கிகாட் மென்பொருளில் வரைந்து அனுப்பினால் அதையும் இன்று சிறு தொகைக்குச் செய்து தருகிறார்கள். நியூ-ஆவ்-கை காலத்தில் தனியாளுக்கு எட்டாத வசதி இது.

சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், ஜாக், கெப்பாசிட்டர், 25 வாட் அயர்ன் எல்லாம் கைக்கு எட்டும். ஒலி சிப்புகளை மட்டும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதே புத்திசாலித்தனம். மேலெழுத்தை அழித்து வேறு பெயர் அச்சிட்ட ஆப்-ஆம்ப்கள் உலகச் சந்தையெங்கும் புழங்குகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாமலிருப்பதே மேல்.

மின்வழங்கலில் பெரும்பாலோர் செய்வது அளவுக்கு மீறிய வைத்தியம். யுஎஸ்பி வழியில் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் நேரடியாக வைக்கக் கூடாது என்பது விதி. ஆயிரம் வைத்தால் செருகும் கணத்தில் போர்ட் மூர்ச்சையாகலாம். ஒரு ஃபெர்ரைட் மணி, பின்னால் ஒரு நல்ல லீனியர் ரெகுலேட்டர் போதும். பைக்கோவின் 3.3 வோல்ட்டை ஒலிப்பகுதிக்கு எடுக்காதீர்கள். அது ஸ்விட்சிங் வகை. நாற்பதாம் கால் தரும் 5 வோல்ட்டிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கச் சொல்லும் அறிவுரையையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எர்த் வளையத்தால் வரும் ஹம் சத்தம், மாற்றியை வேறொரு எர்த் போட்ட ஆம்ப்ளிஃபையரில் இணைக்கும்போதுதான் வரும். ஹெட்போன் அந்தரத்தில் தொங்கும் சுமை, வளையமே உருவாகாது.

கிரவுண்டில்தான் வேறொரு இடத்தில் கவனம் தேவை. மூன்று முனை ஜாக்கில் இடது, வலது இரண்டின் திரும்பு மின்னோட்டமும் ஒரே கம்பியில் வருகிறது. பலகையில் அந்தப் பாதை மெலிந்து பத்தில் ஒரு ஓம் ஆகிவிட்டாலே, 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் 50 டெசிபெல் அளவில்தான் அடங்கும். சிப்பின் ஏட்டில் நூறுக்கு மேல் போட்டிருந்தும் பயனில்லை. ஜாக்கின் கிரவுண்ட் காலை அகலமான செம்புப் பரப்பில் நேராக இறக்குங்கள். சொந்தமாக யுஎஸ்பி-சி துளை வைத்தால் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோஓம் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஏ-டு-சி வயரில் வேலை செய்யும், சி-டு-சி வயரில் உயிரே வராது; விலைக்கு வரும் மலிவுக் கருவிகளிலேயே இந்த இரண்டு ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள்.

ஹெட்போனைச் செருகுமுன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஜாக்கின் இரு முனைகளையும் அளக்க வேண்டும். சில மில்லிவோல்ட் என்றால் சரி. 20ஐத் தாண்டினால் எங்கோ பிழை. பிறகு போனாலும் வருத்தமில்லாத ஒரு பழைய இயர்போனைப் போட்டு, காதில் வைக்காமல், செருகும்போதும் பிடுங்கும்போதும் 'தொப்' என்று அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் ஓபிஏ1622இல் அதற்கென்றே ஒரு கால் இருக்கிறது. அதை உயர்த்தினால்தான் சிப் விழிக்கும், விழிக்கும்போது சத்தம் எழாதபடி உள்ளேயே ஏற்பாடு உண்டு. அந்தக் காலை பைக்கோவின் ஒரு முனையோடு இணைத்து, தாளம் நிலைத்த பின் ஒரு நொடி கழித்து உயர்த்துமாறு நிரலில் இரண்டு வரி சேர்த்தால் போதும். டாங்கிளில் அந்த இரண்டு வரியை எழுத நமக்கு வழியில்லை.